மருந்தும் மாற்று மருந்தும் தந்த சுப்பாராவ்

முடக்குவாதத்துக்கு டில்லி ஆஸ்பத்திரிகளில் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மெதோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கும். அது வாரத்தில் ஒரே ஒரு நாள். அதற்கு அடுத்த வரியில் ஃபோலிக் ஆசிட் என்று இன்னொரு மாத்திரை. அது வேறொரு நாளில். முதல் மாத்திரை உடம்பில் ஃபோலிக் ஆசிட்டின் வேலையைக் கெடுப்பதற்காக உண்டாக்கப்பட்டது. இரண்டாவது மாத்திரையோ அதே ஃபோலிக் ஆசிட். ஒன்று வழியை அடைக்கிறது, மற்றது அடைத்த வழியில் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுக்கிறது. யூசுப் சராய் மருந்துக் கடைக்காரர் இரண்டையும் ஒரே காகித உறையில் போட்டுக் கொடுத்து விடுகிறார். (வாரம் ஒரு நாள் என்பதைத் தினம் ஒன்று என்று தவறாக எண்ணி விழுங்கி உயிருக்கு ஆபத்தைத் தேடிக் கொண்டவர்கள் உண்டு. வீட்டில் இந்த மாத்திரை இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.)

இந்த இரண்டு மருந்துகளும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவை. அந்தக் கூடத்தின் தலைவர் சென்னை திருவல்லிக்கேணியில் படித்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறியவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

காசியில் வாழைப்பழம்

டில்லியிலிருந்து சென்னை செல்லும் வண்டிகள் விஜயவாடாவில் நிற்கும்போது, கிழக்கே கடலோரம் நோக்கி ஒரு பாதை பிரிந்து போவதைப் பார்த்திருக்கலாம். அந்தப் பாதையில் இருக்கிறது பீமவரம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அந்த ஊரில் 1895 ஜனவரி 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். தகப்பனார் ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் சிறிய உத்தியோகஸ்தர். உடல்நலக் குறைவால் வேலையை முன்னதாகவே விட்டவர். தாயார் வெங்கம்மா. ஏழு குழந்தைகளில் சுப்பாராவ் நான்காமவர். பற்றாக்குறைக் குடும்பம்.

பையனுக்குப் படிப்பைவிடப் பணத்தின் மேல்தான் கண். 13 வயது வாக்கில், காசிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும் பணக்காரனாகி விடலாம் என்று வீட்டை விட்டு ஓடினான். தாயார் விடவில்லை, ஆள் வைத்துத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டு வந்தார். அந்த அம்மாள் இரும்பு மனுஷி. நகைகளை விற்றுப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் அவர் மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு பிரசிடென்சி கல்லூரி. அங்கே கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார்.

1913-ல் தகப்பனார் காலமானார். பிள்ளைக்குச் சன்னியாசத்தில் நாட்டம் திரும்பியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயின் சம்மதம் இல்லாமல் சேர்த்துக் கொள்ள மடத்தார் இசையவில்லை, தாயாரும் இசையவில்லை. சன்னியாசியாக முடியாவிட்டால் டாக்டராக இருந்து ஏழைகளுக்கு உதவலாம் என்று 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது. கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ல் சுப்பாராவ் மணந்து கொண்டார்.

கதர் அங்கி

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு நாடெங்கும் அந்நியத் துணியை ஒதுக்கிக் கொண்டிருந்த காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கே கதரில் தைத்த அங்கியை மாட்டிக் கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். மட்டுமே கொடுத்தார்கள். சர்க்கார் மருத்துவ உத்தியோகத்துக்கு முயன்றார், அதுவும் கிட்டவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுக்கும் வேலையில் அமர்ந்தார்.

இதற்கிடையில் வீட்டில் பேரிடி விழுந்தது. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். வியாதி, நம் பக்கத்தில் கிராணிக் கழிச்சல் என்பார்களே, அந்த வகை. இங்கிலீஷ் டாக்டர்கள் ஸ்ப்ரூ என்பார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிறு நிற்காமல் போகும். நாக்கு புண்ணாகிச் சிவக்கும். ரத்தம் வெளுத்து ஆள் எலும்பும் தோலுமாவான். சுப்பாராவுக்கே அந்த வியாதி வந்தது. இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர், லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் பிழைத்தார். அந்த மருந்தில் எது தன்னைக் காப்பாற்றியது, தம்பியையும் அண்ணனையும் காப்பாற்ற எது இல்லாமல் போயிற்று என்ற கேள்வி அவரை அப்புறம் விடவில்லை.

கொக்கிப்புழு ஒழிப்பு வேலைக்காக ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் சென்னைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க டாக்டர், ஹார்வர்டுக்குப் போய்ப் படிக்கும்படி ஊக்கினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும நிதி உதவுவதாகச் சொன்னது. மீதிக்கு மாமனார் பணம் புரட்டினார். 1920-களின் முற்பகுதியில் ஓர் அக்டோபர் மாதம் சுப்பாராவ் பாஸ்டன் நகரில் இறங்கினார். இளம் மனைவி ஊரில் இருந்தாள். சில வருஷத்தில் திரும்பி விடுவதாக ஏற்பாடு.

இரவில் எடுபிடி, பகலில் ஆராய்ச்சி

கையில் இருந்த பணம் சீக்கிரம் கரைந்தது. பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு எடுபிடி வேலை கிடைத்தது. நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது அந்த வேலை. சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றவர் அதைச் செய்தார். பகலில் ஹார்வர்டில் உஷ்ணப் பிரதேச வியாதிகளைப் படித்து டிப்ளமா வாங்கினார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் உயிர் ரசாயனத்தில் சேர்ந்தார்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சுலபமாக அளக்கும் ஒரு முறையை ஃபிஸ்கும் சுப்பாராவும் 1925-ல் வெளியிட்டார்கள். திரவம் நீலமாகும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று உலகமெங்கும் மாணவர்கள் அதைப் படித்தார்கள். அந்த முறையைக் கையில் வைத்துக் கொண்டு தசையைச் சோதித்தபோது, பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் 1927-ல் அகப்பட்டது. 1929-ல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருளை அறிவித்தார்கள். அதே சமயம் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதைக் கண்டிருந்தார். நாம் கை தூக்குவதற்கும், மூச்சு இழுப்பதற்கும், உயிரணு ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்வதற்கும் செலவாகிற சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி.தான்.

1930-ல் சுப்பாராவுக்கு பி.எச்டி. கிடைத்தது. உத்தியோக உயர்வு கிடைக்கவில்லை. பத்து வருஷம் அதே இடத்தில் கிடந்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அப்போது அதே கூடத்தில் மாணவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளிவர விடவில்லை என்றும், அதனால் அவற்றைப் பல வருஷங்கள் கழித்து மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் ஹிட்சிங்ஸ் பின்னர் எழுதினார். அமெரிக்காவின் அக்காலச் சட்டங்களின்படி இந்தியர்கள் அங்கே குடியேறவோ குடியுரிமை கேட்கவோ முடியாது. இந்த நிலையில் உள்ள ஒருவர் மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு எங்கே போவார்? காத்திருந்தார்.

1940-ல் வழி திறந்தது. நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். சீக்கிரமே அங்கே ஆராய்ச்சிப் பிரிவு முழுவதும் அவர் கைக்கு வந்தது.

ஈரலில் என்ன இருக்கிறது?

கொடிய வகை ரத்தசோகைக்கு மாட்டு ஈரலைத் தின்னக் கொடுத்தால் நோயாளி பிழைக்கிறான் என்று பாஸ்டன் டாக்டர்கள் 1926-ல் காட்டியிருந்தார்கள். ஈரலுக்குள் இருக்கும் அந்தப் பொருள் எது என்பது யாருக்கும் தெரியாது. கிராணி வந்தவர்களின் ரத்தமும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வெளுக்கும். சுப்பாராவ் ஈரலைப் பிடித்துக் கொண்டதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கதையின் இன்னொரு நுனி நம் நாட்டில் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அம்மாள் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ரத்தம் வெளுத்து இறப்பதன் காரணத்தை ஆராய்ந்தார். குன்னூரில் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். மலிவான ஈஸ்டுச் சத்தைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931-ல் அறிவித்தார். கோஷா ஆஸ்பத்திரி இருப்பது சுப்பாராவ் படித்த பள்ளிக்கூடம் இருக்கும் அதே திருவல்லிக்கேணியில்! 1941-ல் டெக்சாஸ் விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து அந்தச் சத்தைத் துளியளவு எடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள்.

நான்கு டன் கீரையில் துளியளவு என்றால் எந்த நோயாளிக்குக் கொடுப்பது? அதை ரசாயனமாகச் செய்ய வேண்டும். செய்ய வேண்டுமானால் அதன் அமைப்பு தெரிய வேண்டும். லெடர்லேயில் சுப்பாராவின் குழு 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்துவிட்டதாக அறிவித்தது. 1946-ல் அதன் அமைப்பை முழுவதும் வெளியிட்டது. அறிவிப்பில் ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. எழுத்து வரிசைப்படி நடுவில் ஓரிடத்தில் சுப்பாராவ். மருந்து கைக்கு வந்ததும் டாம் ஸ்பைஸ் முதலிய டாக்டர்கள் ரத்தசோகை நோயாளிகளுக்கும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டார்கள். அண்ணனும் தம்பியும் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

சிக் லைன்

இந்த ஃபோலிக் ஆசிட் உடம்புக்குள் என்னதான் செய்கிறது? ரயில்வே பாஷையில் சொன்னால் சுலபமாக விளங்கும். இது ஒரு வேகன். சுமப்பது ஒரே ஒரு கார்பன் அணு உள்ள சின்னத் துண்டை. செரீன் என்ற அமினோ அமிலத்திடமிருந்து ஒரு கார்பனை ஏற்றிக் கொள்கிறது. கார்பனை இழந்த செரீன், கிளைசீன் என்ற வேறோர் அமினோ அமிலமாகி விடுகிறது. வேறோர் இடத்தில் அந்தச் சரக்கை இறக்குகிறது. அங்கே மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உருவாகிறது. இன்னோர் இடத்தில் இறக்கினால் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் கிடைக்கிறது. புரதம் கட்டுவதற்கு அமினோ அமிலங்கள் வேண்டும். உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு டி.என்.ஏ. வேண்டும். இந்த வேகன் ஓடாவிட்டால் இரண்டும் நின்று போகும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஓயாமல் பிரிந்து கொண்டே இருப்பவை. ஆகவே முதல் அடி அங்கேதான் விழும்.

ஏற்றுவதும் இறக்குவதும் தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் என்சைம் இருக்கிறது. நொதி என்று தமிழில் சொல்கிறார்கள். என்சைம் என்பதும் புரதம்தான். ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் வேகமாக முடித்து, தான் மாறாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்பது. தைமின் செய்யும் இடத்தில் நமது வேகனுக்கு ஒரு சேதம் உண்டாகிறது. சரக்கோடு கொஞ்சம் ஹைட்ரஜனையும் அங்கே பறி கொடுத்துவிட்டு, ஓடத் தகுதியில்லாமல் வெளியே வருகிறது. ரயில்வேயில் பழுதான வேகனைச் சிக் லைனில் தள்ளி, பழுது பார்த்துத் திரும்ப ஓட விடுவார்களே, அதைப் போல உடம்பிலும் ஒரு பட்டறை இருக்கிறது. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்பது அந்த என்சைமின் பெயர். இழந்த ஹைட்ரஜனைத் திரும்ப மாட்டி வேகனை ஓட்டத்துக்கு அனுப்புவது அதன் வேலை. மாத்திரையாக விழுங்குகிற ஃபோலிக் ஆசிட்டும் முதலில் இந்தப் பட்டறைக்குள் போய் வந்த பிறகே லைனுக்கு வர முடியும்.

சுப்பாராவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காலத்தில் யாருக்குமே தெரியாது. வேகனைச் செய்தார், பட்டறை எங்கே இருக்கிறதென்று அறியாமலே செய்தார்.

கை நழுவிய பரிசு

ஃபோலிக் ஆசிட் கிடைத்ததும் கொடிய ரத்தசோகையும் தீர்ந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். தீரவில்லை. அந்த நோயாளிகளின் ரத்தம் தேறியது. ஆனால் நரம்புகள் கெட்டுக் கால் மரத்துப் போவது நிற்கவில்லை. ஈரலில் இன்னொரு பொருள் இருந்திருக்கிறது! மெத்தியோனின் உண்டாகும் இடத்தில் சரக்கை இறக்குகிற என்சைமுக்கு ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள்தான் பி-12 வைட்டமின். அது இல்லாவிட்டால் ஏற்றிய வேகன்கள் இறக்க ஆளில்லாமல் யார்டில் அப்படியே நின்று விடும். வேகன் எத்தனை இருந்தாலும் ஓட்டத்துக்குக் காலி வேகன் கிடைக்காது. அதனால்தான் இரண்டு சத்துக் குறைவிலும் ரத்தம் ஒரே மாதிரி வெளுக்கிறது. இந்த விளக்கமும் பிற்பாடு வந்ததுதான். இன்றைக்கும் டாக்டர்கள் பி-12 குறைவா என்று பார்க்காமல் ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தொடர்ந்து கொடுக்கத் தயங்குவது இதனால்தான்.

பி-12-ஐப் பிரித்தெடுத்த பெருமை சுப்பாராவுக்குக் கிட்டவில்லை. 1948-ல் அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் இங்கிலாந்தில் கிளாக்ஸோ கம்பெனியும் அதை எடுத்துவிட்டன. வாழ்நாளில் பாதியை ஈரலில் செலவிட்ட மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

பொய் வேகன்

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் கவனித்து வந்தார். கவனித்தார் என்பதைவிட, சாவதைப் பார்த்துக் கொண்டிருந்தார் என்பதே சரி. நோய் தெரிந்தால் சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். ஃபோலிக் ஆசிட்டைச் சார்ந்த சத்துகளைக் கொடுத்தபோது அந்தக் குழந்தைகளுக்கு நோய் அதிகமாவது போல அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் ஆசிட்டுக்கு எதிரான பொருளைக் கொடுத்தால்? சுப்பாராவின் கூடத்தில் அப்படிப்பட்ட எதிர்ப் பொருள்களைச் செய்து வைத்திருந்தார்கள். ஃபோலிக் ஆசிட்டின் மூலக்கூறில் ஓரிடத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் கொண்ட ஒரு சிறு தொகுதியை மாற்றி வைத்தது அமினோப்டெரின். பார்வைக்கு அதே வேகன். ஒரு கொக்கி மட்டும் வேறு.

1947-ம் வருஷக் கடைசியில் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. படுத்திருந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். நோய் திரும்ப வந்தது. குணம் நிரந்தரமில்லை என்று ஃபார்பரே மறைக்காமல் எழுதினார். வாயெல்லாம் புண்ணாகும் விஷத்தன்மையும் மருந்துக்கு இருந்தது. ஆனால் ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து ஒரு நாளாவது பின்வாங்க வைக்கும் என்று அதுவரை சொல்லத் துணிந்தவர் இல்லை. அமினோப்டெரினில் இன்னொரு சிறு மாற்றம் செய்து லெடர்லேயில் உண்டாக்கியதுதான் மெதோட்ரெக்சேட். 1956-ல் கர்ப்பப்பையில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோயை முழுவதும் குணப்படுத்தியது அது. பல மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் இன்றைய சிகிச்சையில், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் வகைகளில் மிகுதியாகக் காண்பதிலிருந்து பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அந்த மருந்துகளில் மெதோட்ரெக்சேட்டும் ஒன்று.

அதே வருஷங்களில் அவர் கூடத்திலிருந்து வந்தவை வேறும் உண்டு. யானைக்கால் வியாதிக்கான டைஎதில்கார்பமசின் மருந்து 1947-ல் வந்தது. கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேறு இடத்தில் வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட பெஞ்சமின் டக்கர் என்ற 70 வயதைக் கடந்த தாவர விஞ்ஞானியை லெடர்லேயில் வைத்துக் கொண்டார்கள். அவர் மண்ணிலிருந்து எடுத்த கிருமியிலிருந்து ஆரியோமைசின் கிடைத்தது. 1948 ஜூலையில் அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கெல்லாம் அது தாய். 1994-ல் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்து டில்லியே முகத்தில் துணி கட்டிக் கொண்டு நடந்த நாட்களில், மருந்துக் கடைகளில் ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கியது டெட்ராசைக்ளின்தான்.

திரும்பாத பயணம்

1946-ல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு இந்தியர்களுக்குக் குடியுரிமை பெற வழி பிறந்தது. சுப்பாராவ் அதை முடித்து வாங்கிக் கொள்ளவில்லை. ஊருக்கும் வரவில்லை. சில வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லி வந்தவர், கால் நூற்றாண்டு அங்கேயே இருந்து விட்டார். சேஷகிரியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. ஆராய்ச்சியைத் தவிர வேறொன்றும் அவருக்குக் கண்ணில் படவில்லை என்று சொல்வது சுலபம். உழைப்பில் அவர் ரிஷிதான். ஆனால் சென்னையிலும் ஆந்திரத்திலும் அந்தக் காத்திருப்பைச் சுமந்தது அவரல்ல, அந்த அம்மாள். இதையும் சேர்த்துத்தான் அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

1948 ஆகஸ்டில் ஓரிரவு நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் நிறைய ஒரு வாரம் இருந்தது.

சிக் லைன் பட்டறை இருப்பது 1950-களின் பிற்பகுதியில்தான் வெளிப்பட்டது. பொய் வேகன் அந்தப் பட்டறைக்குள் நுழைந்து குழியில் உட்கார்ந்து கொண்டு நகர மறுக்கிறது என்பது 1958-ல் தெரிந்தது. நல்ல வேகனுக்கு உள்ளே இடமில்லை. பழுதானவை வெளியே குவிகின்றன. அணு பிரிய முடியாமல் சாகிறது. 1977-ல் கலிபோர்னியாவில் சான் டியாகோ விஞ்ஞானிகள் எக்ஸ்ரே மூலம் பாக்டீரியாவில் உள்ள இந்த என்சைமின் உருவத்தையே கண்டார்கள். அப்போது அதன் மடியில் மெதோட்ரெக்சேட் உட்கார்ந்திருந்தது. மனிதரில் இது 186 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சரடு. நடுவில் எட்டு இழைகள் பாய் முடைந்தது போல் அருகருகே ஓடுகின்றன. சுற்றிலும் நான்கு சுருள்கள். இடையில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் உள்ள ஓர் அமினோ அமிலம், மருந்தில் மாற்றி வைத்த அந்த நைட்ரஜன் பகுதியை இறுகப் பிடித்துக் கொள்கிறது. ஃபோலிக் ஆசிட்டின் தலைப்பகுதி உள்ளே கிடக்கும் வாட்டத்துக்கு மாறாக, மருந்தின் தலை புரண்டு கிடக்கிறது. இப்படிப்பட்ட புரத உருவங்கள் சரியாக வரையப்பட்டிருக்கின்றனவா என்று உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவர் குழுவும் தந்தது.

ஃபிஸ்கின் கூடத்தில் மாணவராக இருந்த ஹிட்சிங்ஸ் என்ன செய்தார் தெரியுமா? இதே என்சைம் பாக்டீரியாவில் இருப்பது மனிதரில் உள்ளதிலிருந்து சற்று வேறுபட்டது என்பதைப் பயன்படுத்தி, மனிதனின் பட்டறையை அவ்வளவாகத் தொடாமல் கிருமியின் பட்டறையை மட்டும் அடைக்கும் டிரைமெத்தோபிரிம் மருந்தை உண்டாக்கினார். செப்ட்ரான் மாத்திரையில் இருப்பது அதுதான். அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இரும்போடு ஃபோலிக் ஆசிட் கலந்த மாத்திரை கொடுக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 1970-ல் தொடங்கியது. சுப்பாராவின் பெயர் அந்த மாத்திரை அட்டையில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எஸ்.பி.கே.குப்தா என்ற பத்திரிகையாளர் வருஷக் கணக்கில் தேடி அலைந்து அவர் வரலாற்றை 1987-ல் புத்தகமாக்கினார். பிறந்து நூறு வருஷம் ஆனதையொட்டி 1995-ல் தபால் இலாகா ஒரு தபால் தலை வெளியிட்டது. அதற்கெல்லாம் முன்பே லெடர்லேயில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டன்ஸ் என்று பெயர். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியில் அதை எடுத்தார்கள்.